ஏரித் தண்ணீர் பச்சையாவது எதனால்?

கோடையில் தண்ணீர் குறைந்து சூடேறும்போது டெல்டாவின் குளங்கள் பல பச்சை நிறமாகிவிடுகின்றன. பாசி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதில் பெரும்பாலும் இருப்பது நீலப்பச்சைப் பாசி. உண்மையில் ஒரு பாக்டீரியா. இதன் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் இந்த நஞ்சு கலந்ததால், அமெரிக்காவின் டொலிடோ வட்டாரத்தில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது.

சரி, பாசிக்குத் தீனி எது? 1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் '226' என்று எண்ணிட்ட ஏரியின் குறுக்கே திரை கட்டினார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதிதான் பச்சையானது. நைட்ரஜனைச் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் அப்படிக் கிடைக்காது. லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவைத் தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடும்.

நம் உழவர்கள் மணிச்சத்து என்பது இந்தப் பாஸ்பரஸைத்தான். டிஏபி உர மூட்டையில் போட்டிருக்கும் 46 சதவீதம் பாஸ்பரஸ் ஆக்சைடு (P2O5) கணக்கு. தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் சுமார் 20 சதவீதம்.

இனி கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிக்கு வருவோம். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது. மழைக்காலத்தில் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வெள்ளமும் சேரும். அங்குள்ள வயல்களுக்குப் பாய்வதோடு 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது. இப்படிப்பட்ட ஆழமில்லாத ஏரியில் மணிச்சத்து களிமண்ணில் ஒட்டி, வண்டலோடு அடியில் தங்கிவிடும். அங்கே அதை இறுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் இரும்பு. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிடி விடும், மணிச்சத்து மறுபடி கரையும். வெளியிலிருந்து வருவதை நிறுத்தினாலும் ஏரி பல ஆண்டுகள் பாசிக்குத் தானே தீனி போட்டுக்கொண்டிருக்கும்.

தூர்வாருவதைக் கொள்ளளவுக் கணக்காக மட்டும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. வண்டலோடு மணிச்சத்தும் வெளியே போகிறது. அதை வயலில் கொட்டும் பழைய வழக்கம் ஏரிக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. ஆனால் வற்றிய பகுதியில்தான் எடுக்க வேண்டும். தண்ணீருக்குள் கிளறினால் அடியில் கிடப்பது மேலே வந்துவிடும். அப்புறம் வயல்பக்கம்: மண் பரிசோதனை பார்த்து அடியுரம் இட வேண்டும், உரம் போட்ட கையோடு வடிகாலைத் திறக்கக் கூடாது. வடவாறும் ஓடைகளும் ஏரியில் விழும் இடங்களிலேயே பாஸ்பரஸை அளந்துவந்தால், பச்சை தெரிவதற்கு முன்பே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடித்துவிடலாம்.