சேலத்துக்கு இலகு ரயில்: விதிகள் சொல்வது என்ன, நாம் கேட்க வேண்டியது என்ன?

சேலத்துக்கு மெட்ரோ வருகிறது என்று ஒரு நாள் செய்தி வருகிறது. அடுத்த சில மாதங்களில், வர வாய்ப்பில்லை என்று வேறொரு செய்தி வருகிறது. இரண்டுக்கும் நடுவில் அரசு விதிகள் என்ன சொல்கின்றன என்பதை யாரும் பொறுமையாக எடுத்துச் சொல்வதில்லை. அந்த விதிகளைத் தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் நாம் தலையிட முடியும் என்பதும் தெரியும். அதற்காகவே இந்த விளக்கம்.

முதலில் இன்றைய நிலை. சேலம், திருச்சி, திருநெல்வேலி ஆகிய நகரங்களில் மெட்ரோ வகைப் போக்குவரத்து அமைக்க முடியுமா என்று தமிழ்நாடு அரசு, சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தின் வழியாகச் சாத்தியக்கூறு ஆய்வு நடத்தியது. சாத்தியக்கூறு ஆய்வு என்பது அனுமதி அல்ல. ‘முடியுமா?’ என்ற கேள்விக்கான முதல் பதில் மட்டுமே. அதற்குப் பிறகு நகரம் முழுமைக்குமான போக்குவரத்துத் திட்டம், மாற்று வழிகளின் ஒப்பீடு, விரிவான திட்ட அறிக்கை, மாநில அரசின் ஒப்புதல், மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் ஆய்வு, கடைசியாக மத்திய அமைச்சரவை என்று பல படிகள் இருக்கின்றன. மத்திய அரசின் பணம் வேண்டுமானால் இவற்றில் எதையும் தாண்டிச் செல்ல முடியாது.

வழக்கமான மெட்ரோவைவிடச் சிறிய, மலிவான நகர ரயிலைத்தான் ‘இலகு ரயில்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் பல வகைகள் அடங்கியிருக்கின்றன. மணிலாவில் 1984-இல் ஓடத் தொடங்கிய இலகு ரயில் தூண்களின் மேல் செல்கிறது. கோலாலம்பூரில் முதல் இலகு ரயில் 1996-இல் வந்தது. 1998-இல் வந்த இரண்டாவது பாதையில் ஓட்டுநரே இல்லை. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் அதே வகை வண்டி சாலையின் நடுவே டிராம் போலப் போகிறது. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய மின்சார டிராமின் இன்றைய வாரிசு என்று இந்தக் கடைசி வகையைச் சொல்லலாம்.

இந்தியாவில் இதற்கென்று இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. 2019-இல் மத்திய அமைச்சகம் ‘மெட்ரோலைட்’ என்ற பெயரில் இலகு ரயிலுக்கான தர விதிகளை வெளியிட்டது. மூன்று பெட்டிகள், சுமார் 300 பயணிகள், இயன்றவரை தரைமட்டத்திலேயே தனியாகப் பிரிக்கப்பட்ட தடம், பெரிய நிலையங்களுக்குப் பதில் நிழற்குடை போன்ற எளிய நிறுத்தங்கள் என்பது அதன் சாரம். 2020-இல் ‘மெட்ரோ நியோ’ வந்தது. இது தண்டவாளத்தில் ஓடுவதல்ல. மேலே மின்கம்பியும் கீழே ரப்பர் டயரும் கொண்ட நீண்ட மின்சார வாகனம். வழக்கமான மெட்ரோவின் செலவில் மெட்ரோலைட்டுக்குச் சுமார் 40 சதவீதமும், மெட்ரோ நியோவுக்குச் சுமார் 25 சதவீதமும் ஆகும் என்பது அமைச்சகம் சொல்லும் மதிப்பு. 2021-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் உரையில், இரண்டாம் நிலை நகரங்களுக்கும் பெருநகரங்களின் புறநகர்ப் பகுதிகளுக்கும் இந்த இரண்டும் கொண்டுவரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சேலத்தைப் பற்றிய நம்பிக்கைக்கு அடிப்படை அந்த அறிவிப்புதான்.

இனி, எல்லோரும் பேசும் மக்கள்தொகை விதி. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. அந்தக் கணக்கு 2011 கணக்கெடுப்பை வைத்துப் போடப்பட்டது. அதே கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8.29 லட்சம், சுற்றுப்பகுதிகளைச் சேர்த்த நகரத் தொகுப்பு 9.17 லட்சம். 20 லட்சத்தின் பாதியைக்கூட நாம் தொடவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் நகராட்சிகள் பற்றிய பகுதி, 10 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழ்வதாக ஆளுநரால் அறிவிக்கப்படும் பகுதியையே பெருநகரப் பகுதி என்கிறது. 2011 கணக்கில் அந்த எல்லைக்கும் நாம் சற்றே கீழே நிற்கிறோம்.

இந்த விதி எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி பொருந்தியதா என்று கேட்பது நியாயமானது. ஆக்ராவில் மெட்ரோ 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் அந்த மாநகராட்சியின் மக்கள்தொகை 16 லட்சத்துக்கும் குறைவு. ஆகவே 20 லட்சம் என்பது தாண்டவே முடியாத சுவர் அல்ல. ஆனால் சேலத்துக்காக வாதாடுகிறவர்கள் இந்த ஒரு எண்ணோடு மட்டும் மல்லுக்கட்டுவது வீண் என்றே நினைக்கிறேன். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. புதிய கணக்கு வந்தாலும் சேலம் 20 லட்சத்தை எட்டப்போவதில்லை. நமது வழக்கு நிற்க வேண்டிய எண் வேறு.

உச்ச நேரத்தில், ஒரே திசையில், ஒரு மணி நேரத்தில், ஒரு சாலையின் மிக நெரிசலான இடத்தைக் கடக்கும் பயணிகள் எத்தனை பேர் என்பதுதான் அந்த எண். எந்த வாகனம் பொருந்தும் என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறார்கள். மெட்ரோ நியோவுக்கு 8,000 வரை, மெட்ரோலைட்டுக்கு 15,000 வரை என்பது அமைச்சகத்தின் வரம்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒரு பஸ், ஒவ்வொன்றிலும் 60 பேர் என்றால் மணிக்கு 3,600 பேர். மூன்று நிமிடத்துக்கு ஒரு மெட்ரோலைட், ஒவ்வொன்றிலும் 300 பேர் என்றால் மணிக்கு 6,000 பேர். அதாவது நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் நிரம்பி வழிந்தும் போதாத சாலையில்தான் இலகு ரயிலுக்கு நியாயம் பிறக்கிறது. சேலத்தில் அப்படிப்பட்ட சாலை எது? பழைய பஸ் நிலையத்திலிருந்து நான்கு ரோடு, புதிய பஸ் நிலையம், ஐந்து ரோடு வழியாக ஜங்ஷன் போகும் தடமா? ஓமலூர் ரோட்டில் கருப்பூர் வரை உள்ள கல்லூரிகளும் பெரியார் பல்கலைக்கழகமும் நிரப்பும் தடமா? அம்மாப்பேட்டை வழியாக அயோத்தியாப்பட்டணம் போவதா, குகை வழியாகக் கொண்டலாம்பட்டி போவதா? இவற்றுக்கு ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது. எண்ணிப் பார்த்த கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கில் ஒரு விஷயம் விடுபட்டால் எல்லாமே தவறாகிவிடும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கும், ஜவுளிக் கடைக்கும், வீட்டு வேலைக்கும் போகும் பெண்களுக்கு இது மாதக் கூலியில் மிச்சமாகும் பணம். மெட்ரோ ரயில் வேறொரு சட்டத்தின் கீழ் இயங்குவது. 2002-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் இயக்கச் சட்டப்படி தொடக்கக் கட்டணத்தை மெட்ரோ நிர்வாகம் முடிவு செய்கிறது. பிறகு அதை மாற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அல்லது முன்னாள் நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழு அமைக்கப்படுகிறது. சென்னை மெட்ரோவில் பெண்கள் டிக்கெட் வாங்கித்தான் போகிறார்கள். இன்று கட்டணமின்றி டவுன் பஸ்ஸில் போகும் பெண், நாளைக்குப் பணம் கொடுத்து ரயிலில் ஏறுவார் என்று எழுதும் அறிக்கை உண்மையான அறிக்கை அல்ல. பயணிகள் மதிப்பீட்டில் இவர்களை எப்படிக் கணக்கிட்டார்கள், ரயிலிலும் இந்தச் சலுகையைத் தர அரசு நினைக்கிறதா, தந்தால் அந்த இழப்பை யார் ஈடு செய்வார்கள் என்ற கேள்விகளைச் சேலத்துப் பெண்கள் முதலிலேயே எழுப்ப வேண்டும்.

2017 கொள்கையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது மாற்று வழி ஆய்வு. மத்திய உதவி கேட்கும் எந்த நகரமும், பஸ், தனித்தட பஸ், இலகு ரயில், மெட்ரோ என்று எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்று காட்ட வேண்டும். நகரம் முழுமைக்குமான போக்குவரத்துத் திட்டமும், பஸ், ரயில், சாலை எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் ஒருங்கிணைக்கும் ஆணையமும் வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை. திட்டத்தால் சமூகத்துக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பலன், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 14 சதவீதமாவது இருக்க வேண்டும். அதைத் தனிப்பட்ட நிறுவனம் ஒன்று சரிபார்க்க வேண்டும். மத்திய உதவி வேண்டுமானால் தனியார் பங்களிப்பும் ஏதோ ஒரு வடிவில் இருந்தாக வேண்டும்.

சேலத்தில் அந்த ஒப்பீட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டிய ஒன்று நம் கண்முன்னே கிடக்கிறது. விருத்தாசலம் போகும் ரயில் பாதை ஜங்ஷனில் தொடங்கி, சேலம் மார்க்கெட், சேலம் டவுன், அயோத்தியாப்பட்டணம் என்று நகரத்தின் குறுக்கே போகிறது. செவ்வாய்ப்பேட்டைக்கும் பழைய பஸ் நிலையப் பகுதிக்கும் இவ்வளவு அருகில் புதிதாக ஒரு தடம் போட இன்று யாராலும் நிலம் எடுக்க முடியாது. ஆனால் அந்தப் பாதையில் போகும் பயணிகள் ரயில்கள் மிகக் குறைவு. நகருக்குள் வேலைக்குப் போகிறவருக்கு அவை பயன்படுவதில்லை. கோலாலம்பூரின் முதல் இலகு ரயில், அம்பாங் போன்ற பகுதிகளுக்கு இருந்த பழைய ரயில் பாதைகளின் தடத்தையே பெருமளவு பயன்படுத்திக்கொண்டது. இங்கும் அது எளிது என்று சொல்ல மாட்டேன். இது ஒற்றைப் பாதை. ரயில்கள் கூடினால் கேட்டுகள் அடிக்கடி மூடும். முள்ளுவாடி கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பாதையும் ரயில்வேக்குச் சொந்தமானது, மாநில அரசுக்கு அல்ல. சேலம் கோட்டத்தின் தலைமையிடமே ஜங்ஷனுக்கு அருகில்தான் இருக்கிறது. எனவே மாநில அரசும் கோட்ட நிர்வாகமும் உட்கார்ந்து பேசுவதற்குத் தூரம் ஒரு தடையல்ல. அந்தப் பாதையை இரட்டிப்பாக்கினால் என்ன செலவு, புதிய தடம் போட்டால் என்ன செலவு என்ற ஒப்பீடு அறிக்கையில் இல்லாவிட்டால் அது முழுமையான அறிக்கை ஆகாது.

மேம்பாலத்தையும் மறக்கக் கூடாது. ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் திறக்கப்பட்டது. ஓமலூர் ரோட்டில் தூண்களின் மேல் இலகு ரயில் போக வேண்டுமென்றால், அது இந்த மேம்பாலத்துக்கும் மேலே ஏற வேண்டும் அல்லது விலகிப் போக வேண்டும். இரண்டுமே செலவைக் கூட்டும். தரையில் போடலாம் என்றால், பாலத்தின் தூண்கள் போக மிச்சமிருக்கும் சாலையில் ஒரு தடத்தை ரயிலுக்கு விட்டுக்கொடுக்க நாம் தயாரா என்ற கேள்வி எழும். மெட்ரோலைட் மலிவாக இருப்பதற்குக் காரணமே அது தரையில் போவதுதான். தூண்களின் மேல் ஏற்றிவிட்டால் அந்த மலிவு பெருமளவு கரைந்துவிடும்.

ஏற்காட்டுக்கும் இது வருமா என்று கேட்கிறார்கள். வராது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அவ்வளவு செங்குத்தாக ஏறினால் வழுக்கும். நீலகிரி மலை ரயில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தைப் பல்சக்கரத்தின் துணையால்தான் ஏறுகிறது. சேர்வராயன் மலைக்கு வேண்டியது நல்ல பஸ் வசதி. அது தனிக் கோரிக்கை.

நிலம், கடை, வீடு பறிபோகுமா என்ற அச்சம் தடத்தின் பெயர் வெளிவந்ததும் தொடங்கும். மெட்ரோவுக்கென்று 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தாலும், இழப்பீடும் மறுவாழ்வும் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்படியே கணக்கிடப்பட வேண்டும். அந்தச் சட்டப்படி சந்தை மதிப்போடு, அதே அளவு தொகை ஆறுதல் தொகையாகவும் சேரும். பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: நிலத்தின் சொந்தக்காரர் மட்டுமே பாதிக்கப்பட்டவர் அல்ல. நிலம் எடுப்பதற்கு முன் மூன்று ஆண்டுகளாக அந்தப் பகுதியில் வேலை செய்து, அதையே முக்கியப் பிழைப்பாகக் கொண்ட கைவினைஞர், குத்தகைதாரர் குடும்பங்களும் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. குகையிலோ லீ பஜாரிலோ வாடகை இடத்தில் தொழில் நடத்துகிறவர்கள், வாடகை ரசீது, மின் கட்டண ரசீது, தொழில் உரிமம் ஆகியவற்றை இப்போதிருந்தே பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. இதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். காகிதம் இல்லாத காரணத்தால் உரிமை இழந்தவர்கள்தான் எல்லா ஊர்த் திட்டங்களிலும் அதிகம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் பொதுப் போக்குவரத்தை அணுகும் வசதியை உறுதி செய்யச் சொல்கிறது. தரைமட்ட நிறுத்தமும், நடைமேடைக்கு நிகரான உயரத்தில் பெட்டியின் தளமும் இருந்தால் சக்கர நாற்காலி நேரே உள்ளே போய்விடும். வடிவமைப்பு காகிதத்தில் இருக்கும்போதே இதைக் கேட்க வேண்டும். கட்டிய பிறகு திருத்த முடியாது.

கேட்பது எப்படி? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் ஒரு விண்ணப்பம் போதும். சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். ஆகவே அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு நேரடியாக எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை. ‘மெட்ரோ எப்போது வரும்’ என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஆவணத்தைக் கேளுங்கள்: சேலம் சாத்தியக்கூறு அறிக்கையின் நகல், அதில் ஒவ்வொரு தடத்துக்கும் காட்டியுள்ள உச்ச நேரப் பயணிகள் எண்ணிக்கை, அந்த எண்ணிக்கை எடுக்கப்பட்ட நாள்களும் இடங்களும், கட்டணமில்லாப் பயணம் செய்யும் பெண்கள் அதில் எப்படிக் கணக்கிடப்பட்டார்கள் என்பது, விருத்தாசலம் பாதை ஒப்பிடப்பட்டதா என்பதைக் காட்டும் பக்கங்கள். நகருக்கான போக்குவரத்துத் திட்டத்தின் நகலை மாநகராட்சியிடம் தனியாகக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, அதிலிருந்து 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.