உணர்தலா, தேர்ந்து தெளிதலா?

போன மாதம் மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம் ஒரு நற்செய்திக் கூட்டம். பேசியவர் வெளிநாட்டவர். ஆங்கிலத்தில் பேசினார், பக்கத்தில் நின்ற தம்பி தமிழாக்கினார். தேவனுடைய உண்மையான வழிநடத்துதலை எப்படி அறிவது என்பதுதான் பொருள். பேசியவர் 'டிஸேர்ன்மென்ற்' (discernment, எது சரி எது பிழை என்று வேறுபிரித்து அறிதல்) என்று சொன்ன இடமெல்லாம் தமிழில் 'உணர்தல்' என்றே வந்தது. 'ஆவிகளை உணரும் வரம்', 'தேவ சித்தத்தை உணருங்கள்', 'உணர்ந்து முடிவெடுங்கள்'. ஏழு தடவை வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். கூட்டம் கலைந்து வெளியே வரும்போது ஒரு பிள்ளை தாயிடம், "அந்த இடம்தான் சரியெண்டு எனக்கு உணர்வு வருகுதும்மா" என்று சொல்லிக்கொண்டு போனாள். கலியாணப் பேச்சோ வேலையோ, தெரியாது. ஆனால் அன்று கேட்ட தமிழின்படி அவள் செய்தது சரியே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன் வினை. சலித்துப் பிரித்தல் என்பது அதன் அடிப்பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஒன்று 'டியாக்ரிசிஸ்', வேறுபிரித்துத் தீர்மானித்தல். 1 கொரிந்தியர் 12:10இல் ஆவிகளைப் பற்றி வருவது இதுதான். மற்றது 'டொக்கிமாசோ', பொன்னையும் நாணயத்தையும் சோதிக்கிறவர்களின் சொல். ரோமர் 12:2, 1 தெசலோனிக்கேயர் 5:21, 1 யோவான் 4:1 மூன்றிலும் இந்த வினையே நிற்கிறது. சலிப்பது, பிரிப்பது, உரைத்துப் பார்ப்பது எல்லாமே கை வேலைகள். உணர்ச்சி என்ற பொருள் இவற்றில் எதிலும் இல்லை.

பழந்தமிழில் உணர்தல் என்றால் அறிதல்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் இன்றைக்கு மட்டக்களப்பில் யாரிடமாவது 'உணர்ந்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். நெஞ்சுக்குள் ஏதோ தோன்றியது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மொழிபெயர்க்கிறவர் இன்றைய காதுக்குத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

இதைவிடக் கெட்டது அதன் பிறவினை: 'கர்த்தர் எனக்கு உணர்த்தினார்.' இந்த வாக்கியத்தில் எழுவாய் கர்த்தர். அதற்குமேல் யார் கேள்வி கேட்பது? என் உறவினர் ஒருவர் வெல்லாவெளிப் பக்கம் இருந்த மூன்று ஏக்கர் வயலை, ஓர் ஊழியக்காரர் இப்படிச் சொன்ன ஒரே வாக்கியத்தை நம்பி விற்றார். வாங்கியவர் யார், விலை நியாயமா, பிள்ளைகளின் சம்மதம் உண்டா என்று எதையும் பார்க்கவில்லை. பார்த்தால் அவிசுவாசம் ஆகிவிடும் என்று பயந்தார். அந்த வயல் இருந்த இடத்தைக் கடந்து போகும்போது இன்றும் அவர் தலையைத் திருப்புவதில்லை.

வேதம் இப்படிச் சொல்லவே இல்லை. 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில் யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்கு, அங்கே அப்பம் புசியாதே, தண்ணீர் குடியாதே என்று தெளிவான கட்டளை இருந்தது. பெத்தேலிலிருந்த கிழவனான தீர்க்கதரிசி வந்து, ஒரு தூதன் தன்னோடு பேசினான் என்று பொய் சொன்னான். தேவமனுஷன் இந்த இரண்டாம் சொல்லை முதல் சொல்லோடு வைத்துப் பார்க்காமல் கூடப் போனான். வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. எரேமியாவைப் பாருங்கள். அனனியா ஜனங்களுக்கு இனிப்பான தீர்க்கதரிசனம் சொன்னபோது அவரும் முதலில் 'ஆமென்' என்றார். பழைய தீர்க்கதரிசிகள் சொன்னதோடு ஒப்பிட்டார், பிறகு தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை வந்த பின்புதான் திரும்பி வந்து, 'கர்த்தர் உன்னை அனுப்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்னார். இடையில் காத்திருந்தாரே, அதுவும் 'டிஸேர்ன்மென்ற்' என்ற சொல்லின் பொருளுக்குள் அடங்கும்.

எங்கள் பெரியம்மா சோறு வைக்கும் முன் அரிசியைச் சுளகில் போட்டுப் புடைப்பா. உமி பறக்கும், குறுணி ஒதுங்கும். அதோடு விடமாட்டா. அரிக்கன்சட்டியில் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி அரிசியை வேறு பாத்திரத்துக்கு ஊற்றுவா. கல் அடியில் தங்கிவிடும். "ஒரு கல்லு பல்லில பட்டா மிச்சச் சோத்தையும் பயந்துதான் தின்னணும் மனே" என்பா. டியாக்ரிசிஸ் என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டிதான் நினைவுக்கு வரும்.

சரி, எந்தச் சொல் வேண்டும்? பழைய வேதாகம மொழிபெயர்ப்பு 'பகுத்தறிதல்' என்றது. சாலொமோனின் ஜெபத்தில் 'வகையறுக்கவும்' என்று இன்னும் அழகாக வரும். இரண்டும் நல்ல வினைகள். பகுத்தறிவு என்ற பெயர்ச்சொல்தான் இருபதாம் நூற்றாண்டில் கடவுள் மறுப்பின் பக்கம் போய்விட்டது. 'பகுத்தறிவு வரம்' என்றால் இளையவர்கள் குழம்புகிறார்கள். அந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் பலர் உணர்தலுக்குள் ஓடி ஒளிகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கத்தோலிக்க வட்டத்தில் 'தெளிந்து தேர்தல்' என்றொரு தொடர் வழங்குகிறது. நோக்கம் நல்லது, வரிசைதான் பிழை. தெளிவு முதலில் வந்துவிட்டால் பிறகு தேர எதற்கு? தேர்தல் என்பதை வெறும் தெரிவு என்று எடுத்ததால் வந்த வினை இது. பழைய பொருளில் தேர்தல் ஆராய்தலே. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குப் பெயரே தெரிந்து தெளிதல். 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்று முடிகிறது அது. ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பிய பின் சந்தேகப்படுவதும் துன்பம். முதலில் தேர், பிறகு தெளி. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ரோமர் 12:2இல் 'கடவுளின் திருவுளம் எது எனத் தேர்ந்து தெளிவீர்கள்' என்று சரியான வரிசையில் வைத்திருக்கிறது. கைக்கெட்டிய தூரத்தில் அது இருக்க, ஏன் தலைகீழாக்க வேண்டும்? இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரைப் பின்பற்றும் அச்சபைக் குருக்கள் நம் மண்ணில் நூறாண்டுக்கு மேல் உழைத்தவர்கள். அந்த இஞ்ஞாசியாரே, உள்ளத்தில் ஆறுதல் பொங்கினாலும் அந்த எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார் என்கிறார். உணர்வைத் தள்ளவில்லை, அதையும் சுளகில் போடச் சொல்கிறார்.

ஆகவே 'தேர்ந்து தெளிதல்' என்பதே என் சொல். மேடைக்கு அது கனம் என்றால் 'சோதித்தறிதல்' போதும். யோவானின் நிருபத்தில் ஏற்கெனவே இருக்கிறது, சிறுபிள்ளைக்கும் விளங்கும். மேடையில் தமிழாக்குகிறவர்கள் ஆங்கில வாக்கியத்தின் வேகத்தோடு ஓடுகிறார்கள், வேத வசனம் வரும்போதுகூடத் தங்கள் கையிலுள்ள வேதாகமத்தின் சொல்லை எடுப்பதில்லை. இது எனக்குப் பெரிய மனவருத்தம். சபை வீட்டில் வாசிக்கும் சொல் ஒன்று, மேடையில் கேட்கும் சொல் வேறொன்று என்றானால், கேட்டதை வசனத்தோடு வைத்துப் பார்க்கவே வழி இல்லாமல் போகிறது.

அன்றிரவு அந்தத் தம்பியைத் தேடிப்போய்ச் சொன்னேன். "அண்ணன், மேடையில நிக்கக்குள்ள யோசிக்க ஏது நேரம்?" என்றார். நியாயம்தான். அதனால் 1 யோவான் 4:1ஐ இருவருமாகத் திறந்து வாசித்தோம். 'சோதித்தறியுங்கள்' என்பதன் கீழே பென்சிலால் கோடிட்டுக்கொண்டார். அடுத்த கூட்டம் செங்கலடியில். நானும் போகிறேன்.