ஐந்து பொத்தான்கள், ஒரே பதில்

ஒரு வலைப்பக்கத்தில் ஐந்து பொத்தான்கள். முதலாவதைச் சொடுக்கினால் 0, அடுத்ததற்கு 1, கடைசியில் 4 என்று வர வேண்டும். வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில், 0 முதல் எண்ணிக்கொண்டே ஒரே வேலையைத் திரும்பச் செய்யும் ஒரு ஃபார் சுழல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சொடுக்கும்போது ஓட வேண்டிய ஒரு செயற்கூறை, அதாவது ஒரு சிறு நிரல்துண்டை, மாட்டிவிடுகிறோம். சொடுக்கிப் பார்த்தால் ஐந்தும் 5 என்கின்றன. 5 எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியோடு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சுழல் நொடியில் ஓடி முடிந்துவிடும். சொடுக்கு எப்போதோ பிறகுதான் வரும். செயற்கூறு தன்னிடம் வைத்திருப்பது எண்ணை அல்ல, சுற்றுக்குச் சுற்று அந்த எண் மாற்றி எழுதப்படும் இடமான மாறியை. கணக்கை எழுதித் தராமல், "கரும்பலகையைப் பார்த்துக்கொள்" என்று ஐந்து பேரிடம் ஐந்து சீட்டுக் கொடுத்ததைப் போல. பலகையோ ஒன்றுதான். எண் ஐந்துக்குக் குறைவாக இருக்கும்வரை ஓடும் சுழல் நிற்பதற்கே அதில் 5 வந்தாக வேண்டும். அதை அழிக்காமல் போய்விட்டது.

'வார்' (var) என்ற பழைய சொல்லால் அறிவித்த மாறிக்கு எல்லை செயற்கூறுதான். சுழலின் அடைப்புக்குறிகள் அதற்கு வேலி ஆகா. அதனால் அந்நாளில் சுழலுக்குள் இன்னொரு செயற்கூறை எழுதி, உடனே அழைத்து, எண்ணை அதனிடம் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பலகை கிடைத்துவிடும். மாறியை அறிவிக்க 2015இல் வந்த 'லெட்' (let) என்ற புதுச் சொல் இதைத் தானே செய்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11, 'லெட்' என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு, சுற்றுக்கொரு மாறி தராமல் பழையபடி 5 என்றே சொன்னது. சொல் தெரியாது என்று பிழை காட்டியிருந்தால்கூடத் தேவலை.

உலாவிகளுக்கு இடையிலான பூசல் இன்னும் பழையது. சொடுக்கின் செய்தியை நெட்ஸ்கேப் 4 என்ற உலாவி மேலிருந்து கீழே, அதாவது முழுப் பக்கத்திலிருந்து பொத்தானை நோக்கி, அனுப்பியது. எக்ஸ்புளோரர் 4 கீழிருந்து மேலே. 2000இல் வலைத்தர நெறிகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி இரண்டையும் ஏற்றது: முதலில் இறங்கும், பிறகு ஏறும். எக்ஸ்புளோரர் 8ஆம் பதிப்பு வரை அதற்கு வராமல், செயற்கூறை மாட்டத் தனக்கென வைத்திருந்த 'அட்டாச்ஈவென்ட்' முறையிலேயே நின்றது. அதில், செயற்கூறுக்குள் 'இது' என்று சுட்டும் 'திஸ்' (this) என்பது சொடுக்கிய பொத்தானைக் குறிக்காது, சாளரத்தைக் குறிக்கும். இந்த வேறுபாடுகளை மறைத்துத் தந்ததால்தான் 2006இல் வந்த ஜேகுவெரி என்ற நிரல்தொகுப்புக்கு அத்தனை வரவேற்பு.

செய்தி மேலேறும் என்பதே ஒரு வசதி. ஐந்து பொத்தான்களையும் சுற்றியுள்ள பெட்டிக்கு ஒரே ஒரு செயற்கூறை மாட்டி, எது சொடுக்கப்பட்டது என்று வந்த செய்தியிடமே கேட்கலாம். எண்ணைப் பொத்தானின் மீதே ஒரு பண்பாக எழுதிவைத்தால், சுழலே தேவையில்லை.