காம்பனீலே: மணிக்கோபுரம், சாய்கோபுரம்

காம்பனீலே என்பது இத்தாலியச் சொல். தேவாலய மணிகளைத் தொங்கவிடுவதற்கென்றே எழுப்பும் கோபுரம் என்று பொருள். பெரும்பாலும் ஆலயத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும். நாம் ‘பைசா சாய்ந்த கோபுரம்’ என்று படித்தது இந்த வகைதான். (இத்தாலியர் சொல்வது பீசா.) அது பக்கத்திலுள்ள பேராலயத்தின் மணிக்கோபுரம். உச்சியில் ஏழு மணிகள் இருக்கின்றன. சாய்வின் புகழில் மணிகள் மறந்தே போயின.

காம்பானா என்றால் மணி. வெண்கலத்துக்குப் பேர்போன காம்பானியா பகுதியின் பெயரிலிருந்து அது வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம்.

தமிழில் இதற்கு ‘மணிக்கூண்டு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திண்டுக்கல்லிலோ ஈரோட்டிலோ மணிக்கூண்டு என்றால் நேரம் காட்டும் கடிகாரக் கோபுரம். யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு என்றாலே கடிகாரம்தான். மாதா கோவில்களிலும் ஈழத்துச் சைவக் கோயில்களிலும் மணி தொங்கும் கோபுரத்தை மணிக்கோபுரம் என்கிறார்கள். வழக்கில் இருக்கும் அந்தச் சொல்லே காம்பனீலேவுக்குப் போதும்.

இனி ‘சாய்ந்த’ என்ற அடைமொழிக்கு வருவோம். இத்தாலியர் இதைத் ‘தோர்ரே பெந்தெந்தே’ என்பார்கள். தோர்ரே என்றால் கோபுரம். பெந்தெந்தே, தொங்குதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. சங்கிலியில் கோக்கும் பென்டன்ட்டுக்கும் அதே வேர்தான். சாய்ந்துகொண்டிருக்கும் நிலையை அது சொல்கிறது. நம்முடைய ‘சாய்ந்த’ என்பதோ முடிந்துபோன செயல். எது பொருந்தும் என்று பார்க்கக் கோபுரத்தின் கதையைப் பார்க்க வேண்டும்.

1173-இல் வேலை தொடங்கியது. அடியில் இருந்தது இளகிய களிமண். அடித்தளத்தின் ஆழமோ மூன்று மீட்டர் அளவுதான். மூன்றாம் தளம் எழும்போதே சாய்வு தெரிந்தது. 1178-இல் வேலை நின்றது, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு. அந்த இடைவெளிதான் கோபுரத்தைக் காப்பாற்றியது. பாரத்தில் களிமண் மெல்ல இறுகி வலுப்பெற்றது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும். 1272-இல் மீண்டும் தொடங்கியவர்கள் சாய்வை ஈடுகட்ட மேல் தளங்களில் ஒரு பக்கத்தை உயர்த்திக் கட்டினார்கள். அதனால் கோபுரம் சாய்ந்தது மட்டுமல்ல, இலேசாக வளைந்தும் இருக்கிறது. 1284-இல் எதிரி நகரமான ஜெனோவாவிடம் மெலோரியா கடற்போரில் பீசா தோற்றதும் வேலை மறுபடி நின்றது. மணிகள் தொங்கும் உச்சிக்கூடம் ஏறியது 14-ஆம் நூற்றாண்டில்.

ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் கோடு அடிப்பரப்புக்குள் விழுவதால் கோபுரம் நிற்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். சரிதான், ஆனால் பாதி உண்மை. மெத்தைமேல் செங்கல் அடுக்கினால் ஓர் உயரத்துக்குமேல் எவ்வளவு கவனமாக அடுக்கினாலும் சரியும். ஆபத்து அந்த வகையைச் சேர்ந்தது, அதாவது மண் நெகிழ்ந்துகொடுப்பது. போதாததற்கு மனிதக் கையும் சேர்ந்தது. 1838-இல் அடிப்பகுதியைப் பார்க்க வசதியாகச் சுற்றிலும் பள்ளம் தோண்டினார்கள், சாய்வு கூடியது. 1934-இல் முசோலினி ஆட்சியில் அடித்தளத்தில் சிமென்ட் குழம்பு செலுத்தினார்கள், இன்னும் கூடியது.

1989-இல் இத்தாலியின் பவியா நகரத்தின் பழைய கோபுரம் திடீரென இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் பீசா கோபுரத்தை மூடினார்கள். அப்போது சாய்வு சுமார் 5.5 பாகை. பல வழிகள் யோசித்தபின், தீர்வு ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையாக அமைந்தது. தெற்கே சாய்ந்த கோபுரத்தின் வடக்குப் பக்கத்தில், அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். சுமார் 38 கனமீட்டர் மண் வெளியே வந்தது. உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் பின்வாங்கியது. 2001 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். இப்போதைய சாய்வு ஏறத்தாழ 4 பாகை. முழுக்க நிமிர்த்த யாரும் முயலவில்லை, நல்லவேளை.

அப்புறம், சொல் எது? 1990 வரை அது சாய்கின்ற கோபுரம்; இன்று சாய்ந்த கோபுரம். இரண்டுக்கும் பொதுவாக ‘சாய்கோபுரம்’ என்று காலம் காட்டாத வினைத்தொகையாகச் சொல்லலாம். சாய்நாற்காலி, சாய்தளம் எல்லாம் அப்படி அமைந்தவைதானே. இதைப் பற்றித் தமிழில் எழுதினால், தலைப்பில் ‘பீசா சாய்கோபுரம்’ என்று போட்டு, முதல் வரியிலேயே அது ஒரு மணிக்கோபுரம் என்று எழுதிவிடுங்கள்.