ஆன்லைனில் எலக்ட்ரானிக்ஸ் பட்டமா? செய்முறைப் பெட்டி வருமா என்று கேளுங்கள்

இரண்டாண்டு ஆன்லைன் எலக்ட்ரானிக்ஸ் பட்டத்தில் சேர்வதற்கு முன் கட்டணத்தையும் பாடத்திட்டத்தையும் எல்லோரும் அலசிவிடுகிறார்கள். செய்முறைப் பாகங்கள் வீட்டுக்கு வருமா, சுற்றைக் கணினித் திரையில் இயக்கிக் காட்டும் சிமுலேட்டர் மட்டும்தானா என்று கேட்பவர்கள் குறைவு.

சிமுலேட்டர் மோசமில்லை. ஆனால் அதிலுள்ள மீட்டர் பெரும்பாலும் சுற்றைப் பாதிக்காது. நிஜ மீட்டர் பாதிக்கும். 10 வோல்ட்டுக்கு இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து, கீழ் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டை அளந்து பாருங்கள். திரையில் 5 வோல்ட், மேசையில் 4.76 வோல்ட்டை ஒட்டித்தான் காட்டும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை சுமார் 10 மெகாஓம். அது பக்க இணைப்பாகச் சேர்ந்ததும், 1 மெகாஓம் 0.91 ஆகிவிடுகிறது. இது தெரியாமல் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மாலையைத் தொலைப்பது சகஜம்.

மல்டிமீட்டரில் இன்னொரு வம்பு. மின்னோட்டம் அளந்த பிறகு சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போனால், அது ஷார்ட் சர்க்யூட், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். அதற்கப்புறம் எந்தச் சுற்றில் மின்னோட்டம் அளந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். சுற்றைச் சந்தேகிக்கும் முன் ஃபியூஸைப் பாருங்கள். பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் பிரெட்போர்டையும்தான்: சிலவற்றில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டாகியிருக்கும், ஒரு வயரால் இணைத்தால்தான் மறுபாதிக்கு மின்சாரம் போகும். நேரடி ஆய்வகமென்றால் பக்கத்து மேசைக்காரர் சொல்லிவிடுவார். வீட்டில் யார் சொல்வது?

கணிதத்தைத் தூசி தட்டிக்கொள்ளுங்கள். ஏசி (மாறுதிசை மின்னோட்டம்) பாடத்தில் கலப்பெண்கள் வரும், கோண அதிர்வெண் ரேடியனில் வரும். கால்குலேட்டர் டிகிரியில் கிடந்தால் விடை மொத்தமும் பாழ்.

நேரக் கணக்கும் உண்டு. ஒரு கிரெடிட்டுக்கு 45 மணி நேர உழைப்பு என்று வைத்தால், 3 கிரெடிட் பாடத்துக்கு 135 மணி. அதை 8 வாரத்தில் முடிக்க வாரம் 17 மணி வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு பாடம் எடுப்பது நடக்காத காரியம்.

இரண்டாண்டுப் பட்டம் பெரும்பாலும் டெக்னீஷியன் வேலைக்கானது. பின்னால் நான்காண்டுப் பட்டத்துக்கு மாறும் எண்ணமிருந்தால், எந்தப் பாடத்தின் கிரெடிட்டை ஏற்பார்கள் என்று, போய்ச் சேரப்போகும் கல்லூரியிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது சேர்க்கைக்கு அழைப்பவர் போனில் சொல்வது அங்கே செல்லாது.