பீஷியூவின் அடியில் கத்தி வைக்காதீர்கள்

சிங்கப்பூரில் கற்சிற்பங்களையும், சீனர்கள் பெரிதாக மதிக்கும் ஜேட் என்னும் கடினக் கல்லால் ஆன நகைகளையும் ஆராய்ந்து மதிப்பிட்டுத் தருவது என் தொழில். கடந்த மாதம் ஹொக்கியன் குடும்பம் ஒன்று, பீஷியூ என்னும் சீனப் புராண விலங்கின் உள்ளங்கைக்குள் அடங்கும் தேன்நிறச் சிற்பம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தது. கொள்ளுத்தாத்தா சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து கப்பலேறியபோது கையோடு எடுத்துவந்ததாம். காணொளி ஒன்றைப் பார்த்த மகன், உண்மையான ஜேட்தானா என்று அறிவதற்காக, அதன் அடிப்பாகத்தைச் சமையலறைக் கத்தியால் நான்கு முறை கீறியிருக்கிறார். கல் மாவாக உதிர்ந்ததும் போலி என்று முடிவு கட்டி, அதைக் குழந்தைகள் விளையாடக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார்கள். பாட்டி பிடிவாதமாக மறுத்ததால்தான் அது என் மேசைக்கு வந்து சேர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, இரண்டு கீறல்கள் விளிம்போரம் பொறிக்கப்பட்டிருந்த சிறிய எழுத்துகளின் குறுக்கே ஓடியிருந்தன. கத்திக்காயத்தோடு இந்த ஆண்டு நான் பார்க்கும் ஐந்தாவது சிற்பம் அது. இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பீஷியூ பொன்னையும் வெள்ளியையும் உண்ணும் விலங்கு என்றும், அதற்குக் கழிவாய் இல்லாததால் உள்ளே போன செல்வம் வெளியேறாது என்றும் சீனர்கள் சொல்வார்கள். வாயில் காசைக் கவ்வியிருக்கும் மூன்றுகால் தேரையும், அதோடு சேர்த்துச் சொல்லப்படும் லியூ ஹாய் என்னும் சீனக் கதைமாந்தரும் இதே நம்பிக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கடைக் கல்லாப்பெட்டியருகே இவற்றை வைப்பவர்களின் நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. அந்தக் கல் என்ன, அதன் வேலைப்பாடு எத்தகையது, எந்தக் காலத்தது என்பவையே என் கேள்விகள்.

என்னை மிகவும் வருத்தும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். ‘கத்தி கீறாது, கண்ணாடியைக் கீறும், அப்படியானால் அது ஜேட்’ என்ற சூத்திரத்தை எவர் பரப்பினாரோ தெரியவில்லை. அதன் இரண்டு பக்கமும் பிழை. ஜேட் என்ற பெயரில் வழங்குபவை இரண்டு வேறு கனிமங்கள் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் டமூர் 1863-இல் தெளிவாக்கினார். ஒன்று நெஃப்ரைட், மற்றது ஜேடைட். எது எதைக் கீறும் என்பதை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்லும் மோஸ் அளவில் நெஃப்ரைட்டின் கடினம் 6 முதல் 6.5 வரை, ஜேடைட்டின் கடினம் 6.5 முதல் 7 வரை. சாதாரணக் கண்ணாடியும் கத்தி எஃகும் ஏறத்தாழ 5.5-இல் நிற்பதால், ஜேட் கண்ணாடியைக் கீறும் என்பது உண்மைதான். ஆனால் குவார்ட்சின் கடினம் 7. பச்சைச் சாயம் ஏற்றி ‘மலேசிய ஜேட்’ என்று விற்கப்படும் குவார்ட்சைட்டும், ‘இந்திய ஜேட்’ என்று விற்கப்படும் அவென்சூரினும் குவார்ட்சால் ஆனவை என்பதால் கண்ணாடியை ஜேடைவிடச் சுலபமாகவே கீறும். அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய ‘பி’ வகை ஜேடைட்டும் அடிப்படையில் ஜேடைட்தான் என்பதால் அதுவும் கீறும். அந்தப் பிசினைக் காட்டிக்கொடுப்பது ஆய்வகத்தின் அகச்சிவப்பு நிறமாலை. கத்தி தோற்றுப்போன பல கற்களில் கத்தியின் உலோகமே வெள்ளைக் கோடாகப் படிந்துவிட, அதைக் கீறலென்று எண்ணி நல்ல நெஃப்ரைட்டை ஒதுக்கியவர்களையும் கண்டிருக்கிறேன். தொட்டால் குளிர்கிறது என்பதும் சான்றாகாது. எந்தக் கல்லும் குளிரும்.

கீறல் விழுந்தால் மதிப்பற்றது என்னும் மறுபக்கம் இன்னும் கொடியது. ஃபூஜியனின் தலைநகரான ஃபூசோவுக்கு வடக்கே உள்ள ஷௌஷான் பகுதியில் கிடைக்கும் கல், நம் ஊர்க் கல்சட்டி செய்யும் மாக்கல்லைப் போலவே மென்மையானது. அதன் கடினம் 2-க்கும் 3-க்கும் இடையில்தான். அந்த மென்மைக்காகவே முத்திரை செதுக்குவோர் அதை விரும்பினார்கள். பிடியில் பீஷியூவோ சிங்கமோ அமர்ந்திருக்கும் ஷௌஷான் முத்திரைகளைச் சீனாவின் கடைசி அரசமரபான சிங் மரபின் பேரரசர்களே பேணி வைத்தார்கள். ஷௌஷான் ஓடையோர வயல்மண்ணில் தனித்தனித் துண்டுகளாகக் கிடைக்கும் மஞ்சள்நிறத் தியான்ஹுவாங்கைப் பற்றி, ‘ஒரு லியாங் தியான்ஹுவாங்குக்கு மூன்று லியாங் பொன்’ என்ற பழமொழியே உண்டு; லியாங் என்பது சீன எடை அளவு. அதன் உள்ளே முள்ளங்கி நார் போன்ற நுண்கோடுகள் ஓடும். அவற்றைத் தேடித்தான் நாங்கள் விளக்கை வைக்கிறோம். ஜேட்டா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியோடு கத்தியை எடுப்பவருக்கு இந்தக் கல் அத்தனையும் குப்பையாகவே தெரியும்.

கல்லைக் காயப்படுத்தாமல் அறியும் வழிகள் எளியவை. நீரில் மூழ்கவைத்து எடை பார்த்தாலே ஜேடைட்டின் ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்னும் எண்) 3.33 அளவிலும், நெஃப்ரைட்டினுடையது 2.95 அளவிலும், குவார்ட்சைட்டினுடையது 2.65 அளவிலும் தனித்தனியே நின்றுவிடும். ஒளிவிலகல் எண் அதை உறுதிப்படுத்தும்.

காலத்தைச் சொல்வதுதான் கடினம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹான் அரசமரபின் காலத்துச் சிறகுவிலங்குகள் தீமையை விரட்டவும் கல்லறையைக் காக்கவும் செதுக்கப்பட்டவை, செல்வம் சேர்க்க அல்ல. காசும் பொற்கட்டியும் குவிந்த மேடையில் வாய்பிளந்து அமர்ந்திருக்கும் பீஷியூவை ‘ஹான் காலத்தது’ என்று எவரேனும் நீட்டினால், வாங்காமல் வந்துவிடுங்கள். பழைய கைவினைஞர் காலால் மிதித்துச் சுழற்றிய சக்கரத்தில் தேய்மணலும் நீரும் இட்டு அரைத்தார்; இன்றைய வைரமுனை மின்கருவியோ கூர்மையான, சீரான கோடுகளை விட்டுச்செல்லும். காது மடிப்பிலும் கால்களுக்கு இடையிலும் பாருங்கள். மெருகுபோடச் சோம்பிய கை அங்கேதான் அகப்படும். பழமைக்குச் சான்றாகக் காட்டப்படும் பழுப்புக்கறை, பெரும்பாலும் சூடாக்கிச் சாயத்தில் ஊறவைத்ததன் விளைவு.

விற்றவரே எழுதிக்கொடுத்த மதிப்புச்சீட்டு மதிப்பீடு ஆகாது. ‘கண் திறக்கும்’ சடங்கு செய்யப்பட்டது என்பதற்காகக் கேட்கப்படும் கூடுதல் தொகையைக் கல்லின் விலையாக எந்த மதிப்பீட்டாளரும் எழுதமாட்டார். மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் கேட்பவரிடம் போகாதீர்கள். எண்ணைப் பெரிதாக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. காப்பீட்டுக்கான மதிப்பும் விற்பனைக்கான மதிப்பும் ஒன்றல்ல என்பதால், எதற்காக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மென்கல் சிற்பங்களைச் சூடான விளக்கின் கீழும் வெயிலிலும் வைக்காதீர்கள். அவை உலர்ந்து வெடிக்கும். எதையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவர வேண்டாம். அழுக்கோடே வாருங்கள்; அந்த அழுக்கும் எனக்குச் செய்தி சொல்லும்.

அந்தத் தேன்நிறச் சிற்பம் தியான்ஹுவாங் அன்று. ஆனால் நல்ல ஷௌஷான் கல், தேர்ந்த கையின் வேலை. எழுத்துகள் செதுக்கியவரின் பெயரா, பின்னால் எவரோ பொறித்ததா என்பதைக் கோடுகளின் ஆழத்தையும் தேய்மானத்தையும் வைத்தே சொல்ல முடியும். அந்த இடத்தில்தான் கத்தி ஓடியிருக்கிறது. மெருகுபோட்டுக் கீறலை மறைத்துவிடலாமா என்று மகன் கேட்டார். மறைக்கலாம், எழுத்தும் சேர்ந்தே போய்விடும் என்றேன். அப்படியே இருக்கட்டும் என்றார் பாட்டி. அறிக்கையில் கல்லின் வகை, எடை, உயரம் ஆகியவற்றுக்குக் கீழே நான்கு கீறல்களின் நீளத்தையும் மில்லிமீட்டரில் எழுதிக் கையொப்பமிட்டேன்.