ஐ.இ.பி. பிள்ளையிடம் போதைப்பொருள் பிடிபட்டால்: அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்

போன வருடம் ஒரு அம்மா மதியம் 2 மணிக்கு போன் செய்தார். "அக்கா, பையனோட பையில வேப், அதான் இ-சிகரெட், இருந்துச்சாம். பிரின்சிபல் ரூம்ல உக்காந்திருக்கேன். ஒரு ஃபார்ம் குடுத்து கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டா ரெக்கார்டுல எதுவும் வராதாம்."

அந்தத் தாளை வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். பெற்றோரே விருப்பப்பட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்வதாக அதில் இருந்தது. 9ஆம் வகுப்புப் பையன், டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் சிரமம் தரும் குறைபாடு), 4 வருடமாக ஐ.இ.பி. இருக்கிறது, அதாவது சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம். அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருந்தால் பள்ளி அவனை வெளியே அனுப்பியதாகவே ஆகாது, பெற்றோர் எடுத்த முடிவாகிவிடும். அப்புறம் கீழே சொல்லப்போகும் எந்தப் பாதுகாப்பையும் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களில் இந்த விஷயத்தை யாரும் வெளியே பேசுவதில்லை. வெட்கம். அந்த வெட்கத்திலேயே நாலு பேரைக் கேட்காமல் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான ஐ.டி.இ.ஏ. என்ற கூட்டாட்சிச் சட்டம் 1975இல் வேறு பெயரில் வந்தது, 2004இல் திருத்தப்பட்டது. ஐ.இ.பி. உள்ள பிள்ளையைத் தொடர்ந்து 10 பள்ளி நாட்களுக்கு மேல் வெளியே வைக்கப் பள்ளி முடிவெடுத்தால், அந்த முடிவிலிருந்து 10 பள்ளி நாட்களுக்குள் ஒரு மீட்டிங் நடத்தியாக வேண்டும். மேனிஃபெஸ்டேஷன் டிட்டர்மினேஷன் என்று அதற்குப் பெயர். செய்த தப்புக்கும் பிள்ளையின் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது அதன் வேலை. தொடர்பு உண்டு என்றால் பிள்ளையைப் பழைய வகுப்புக்கே திரும்ப அனுப்ப வேண்டும். ஆனால் போதைப்பொருளுக்கு விதிவிலக்கு இருக்கிறது. மீட்டிங்கில் எந்தப் பதில் வந்தாலும் 45 பள்ளி நாட்கள் வரை வேறு இடத்துக்கு மாற்றலாம். பள்ளி நாட்கள் என்பதைக் கவனியுங்கள். சனி, ஞாயிறு, லீவு எல்லாம் கழித்தால் 2 மாதத்துக்கு மேல் ஓடிவிடும்.

அந்த 45 நாளைப் பள்ளிகள் சர்வசாதாரணமாக எடுத்து வீசுகின்றன. எனவே முதலில் கேட்க வேண்டியது, பிடிபட்டது சட்டப்படி போதைப்பொருள்தானா என்பது. கூட்டாட்சி அரசின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் பட்டியலில் இருந்தால்தான் இந்த விதி பொருந்தும். வெறும் நிகோடின் வேப் அதில் இல்லை. பீரும் இல்லை. இவற்றுக்குப் பள்ளி தன் சொந்த விதிப்படி சஸ்பெண்ட் செய்யலாம், அந்த 45 நாளை மட்டும் எடுக்க முடியாது. கஞ்சா எண்ணெய் நிரப்பிய வேப் என்றால் கதை வேறு. உங்கள் மாநிலத்தில் பெரியவர்களுக்குக் கஞ்சா அனுமதி உண்டு என்று வாதாடிப் பயனில்லை.

நான் சொன்ன பையனுக்கு அடுத்த வாரம் வந்த கடிதத்தில் 45 நாள் என்றிருந்தது. பொருளின் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் "வேப் கருவி" என்று மட்டும் இருந்தது. உள்ளே என்ன இருந்தது, யார் பரிசோதித்தார்கள் என்று 2 வரி மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். யாரும் பரிசோதிக்கவே இல்லை. 45 நாளை விலக்கிக்கொண்டார்கள். அந்த 2 வரியை எழுதாதவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

தெரிந்தே வைத்திருந்தானா என்பதும் முக்கியம். சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது. நண்பன் கொடுத்த ஜாக்கெட் பாக்கெட்டில் இருந்தது அவனுக்குத் தெரியாது என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறல், அதீதத் துறுதுறுப்பு) மாத்திரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்ததை உங்கள் பிள்ளை தனக்காக வைத்திருந்தால் அது சட்டவிரோதப் போதைப்பொருள் ஆகாது. அதே மாத்திரையைத் தோழனுக்குக் காசுக்குக் கொடுத்தால் விற்பனை. "கொடுத்தான்" என்று பிள்ளை சொன்னதை அறிக்கையில் "விற்றான்" என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள்.

அடுத்தது, நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம். "எங்க பிள்ளைக்கும் பிளான் இருக்கு" என்பார்கள். எடுத்துப் பார்த்தால் 504 பிளானாக இருக்கும். அது குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளியில் வசதிகள் செய்து தரும் திட்டம், வேறொரு சட்டத்தின் கீழ் வருவது. தற்போது போதைப்பொருளோ மதுவோ பயன்படுத்துகிற பிள்ளையை, 504 மட்டும் இருந்தால், குறைபாடு இல்லாத பிள்ளைகளைப் போலவே பள்ளி தண்டிக்கலாம். மேனிஃபெஸ்டேஷன் மீட்டிங்கூட நடத்தத் தேவையில்லை. இன்றைக்கே அலமாரியைத் திறந்து, கையில் இருப்பது ஐ.இ.பி.யா 504ஆ என்று பாருங்கள்.

எந்தப் பிளானும் இல்லாத பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு. சம்பவத்துக்கு முன்பே நீங்கள் மதிப்பீடு கேட்டிருந்தாலோ, சிறப்புக் கல்வி தேவைப்படுகிறது என்று ஆசிரியருக்கோ நிர்வாகத்துக்கோ எழுதியிருந்தாலோ, ஐ.இ.பி. பிள்ளைக்குள்ள பாதுகாப்பைக் கோரலாம். பேரன்ட் டீச்சர் மீட்டிங்கில் வாயால் கவலைப்பட்டது கணக்கில் வராது. பள்ளியே மதிப்பீடு செய்ய முன்வந்தபோது "என் பிள்ளைக்கு முத்திரை குத்தாதீங்க" என்று மறுத்திருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் மறுக்கிறார்கள். ஆனால் பின்னால் அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

நாள் கணக்கைப் பள்ளியிடம் விடாதீர்கள். "இன்னைக்கு மட்டும் வந்து கூட்டிட்டுப் போங்க" என்று 11 மணிக்கு போன் வரும். எழுத்தில் ஒன்றும் இருக்காது. அதுவும் வெளியே அனுப்பியதுதான், அதுவும் எண்ணப்பட வேண்டும். காலண்டரில் குறித்து, அன்று மாலையே "இன்று 11 மணிக்கு நீங்கள் கேட்டதால் அழைத்து வந்தேன்" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

இனி மீட்டிங். அந்தப் பையனுக்காக நானும் போயிருந்தேன். அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் உட்காரும் முன்பே மேசை மேல் ஃபார்ம் இருந்தது, 2 கேள்விக்கும் "இல்லை" என்று டைப் அடித்து! முதல் கேள்வி, நடத்தைக்குக் குறைபாடு காரணமா, அல்லது இரண்டுக்கும் நேரடியான, கணிசமான தொடர்பு உண்டா என்பது. "படிக்கச் சிரமப்படுவதற்கும் வேப்புக்கும் என்ன சம்பந்தம்" என்று சொல்லி 5 நிமிடத்தில் முடித்துவிடப் பார்த்தார்கள். பழைய மதிப்பீட்டு அறிக்கையில் அவசர புத்தி, பதற்றம், கூட்டாளிகள் சொன்னதைச் செய்துவிடும் சுபாவம் பற்றி ஏதாவது இருந்தால் அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கொண்டுபோங்கள்.

பலரும் கோட்டை விடுவது 2ஆம் கேள்வியில். ஐ.இ.பி.யில் எழுதியதைப் பள்ளி செய்யாததன் நேரடி விளைவா இது? அந்தப் பையனுக்கு வாரம் 4 முறை ரீடிங் வகுப்பும் ஒரு முறை கவுன்சலிங்கும் என்று எழுதியிருந்தது. சர்வீஸ் லாக், அதாவது எந்தச் சேவையை எப்போது கொடுத்தார்கள் என்ற பதிவேடு, கேட்டோம். அக்டோபரிலிருந்து கவுன்சலிங் வரிசை முழுக்கக் காலி. ஆசிரியர் லீவாம், வேறு ஆள் போடவில்லையாம். மீட்டிங்குக்கு முன்பே அந்த லாக்கை எழுதிக் கேட்டு வாங்குங்கள், அங்கே போய்க் கேட்டால் "அப்புறம் அனுப்புகிறோம்" என்பார்கள். செய்யாமல் விட்டது என்று காட்டுவது மட்டும் போதாது, அதனால்தான் இது நடந்தது என்ற தொடர்பையும் சொல்ல வேண்டும். கையெழுத்துக் கேட்டால் "கலந்துகொண்டேன், உடன்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை.

முடிவு "இல்லை" என்றே வந்தாலும் பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடாது. 11ஆம் நாளிலிருந்து, வெளியே இருந்தாலும் சேவைகள் தொடர வேண்டும். ஒரு கட்டு வொர்க்‌ஷீட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டு "சர்வீஸ் கொடுத்தாச்சு" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியின் முடிவை எதிர்த்து டியூ பிராசஸ் என்ற முறையீட்டு விசாரணை கேட்டால், கேட்ட நாளிலிருந்து 20 பள்ளி நாட்களுக்குள் நடத்தி, அடுத்த 10 பள்ளி நாட்களுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுவரை பிள்ளை மாற்றிடத்தில்தான் இருப்பான், அதனால் தாமதிக்காமல் கேளுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றோருக்கு இலவசமாக வழிகாட்டும் பயிற்சி மையம் உண்டு.

எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருப்பவர்களும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். பள்ளி போலீசுக்குச் சொல்லலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. போதைப்பொருள் விஷயத்தில் தண்டனை மட்டுமல்ல, ஒப்புக்கொள்வதுகூட குடிவரவில் சிக்கலாகலாம். "நடந்ததை எழுதிக் கொடு" என்று பிரின்சிபல் அறையில் பிள்ளை கையில் ஒரு தாளைத் தருவார்கள். பயந்துபோய் நடந்தது, நடக்காதது எல்லாம் எழுதிவிடுவான். "அம்மா அப்பா வந்தப்புறம் எழுதறேன்" என்று மரியாதையாகச் சொல்லப் பிள்ளைக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள். போலீஸ் வந்தால், குடிவரவும் தெரிந்த வக்கீலிடம் பேசும் வரை நீங்களும் எதையும் எழுதித் தராதீர்கள்.